மறு: 'மார்ச்' – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

செந்தூலிலிருந்து:
வணக்கம். சுதந்திர மாதத்தில் எங்கள் பள்ளி பேண்டு குழுவின் மேடைக் கச்சேரி. முதல் உருப்படி அமெரிக்க இசையமைப்பாளர் சூசா 1896இல் எழுதிய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்'; 1987 முதல் அது அமெரிக்காவின் தேசிய மார்ச். நிகழ்ச்சித்தாளில் அப்படியே 'தேசிய மார்ச்' என்று தட்டி வைத்தேன். பார்த்தவர், "கச்சேரி ஆகஸ்டில்தானே, டீச்சர்?" என்கிறார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மார்ச்' என்ற இந்த அணிவகுப்பு இசைக்குத் தமிழில் ஒரு சொல் கொடுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து:
அம்மா, சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: வஞ்சி. படை நடந்து போகும் திணை. வஞ்சிப்பாவின் தூங்கலோசையும் அசைந்து நடக்கும் ஓசைதான். 'நாட்டு வஞ்சி' என்று போடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
ஐயா, 'எஞ்சா மண்நசை' என்று அடுத்தவன் மண்ணுக்கு ஆசைப்பட்டுக் கிளம்புவதல்லவா வஞ்சி? சுதந்திர மாதத்தில் இதுவா? பெற்றோர் யாரோ ஒரு பெண் என்று நினைப்பார்கள். பேசாமல் 'கவாத்து இசை' என்று வையுங்கள். மலாய்க்காரர்கள் அணிவகுப்புப் பயிற்சியைச் சொல்லும் 'காவாட்' இதற்கு உறவுதான். சீருடை இயக்கப் பிள்ளைகளுக்குப் புதுச்சொல் அல்ல.

பட்டர்வொர்த்திலிருந்து:
கவாத்து உருது வழி வந்தது. சரி, அது போகட்டும். கேமரன் மலையில் கேட்டுப் பாருங்கள், கவாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டுவது.

செந்தூலிலிருந்து:
'அணிநடை' எப்படி?

ஜார்ஜ்டவுனிலிருந்து:
மிருதங்கம் சொல்லித் தருபவன் என்பதால் 'நடை'யில்தான் எனக்குச் சிக்கல். சூசாவின் 'வாஷிங்டன் போஸ்ட்' (1889) 6/8இல் போகிறது. அடி இரண்டு, அடிக்கு மூன்று. எங்கள் கணக்கில் திஸ்ர நடை. 'திஸ்ர நடையில் ஓர் அணிநடை' என்றால் பையன் எந்த நடையில் நடப்பான்? அவன் நடக்கவே போவதில்லை, குளிர்சாதன மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஊதப் போகிறான். சென்னை ஜார்ஜ் கோட்டைப் பேண்டின் மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சாகித்தியம் எழுதினார். அவற்றை இன்றும் 'நோட்டுஸ்வரம்' என்றுதான் சொல்கிறோம், எந்த மொழியும் கெட்டுப்போகவில்லை. 'மார்ச் இசை' போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து:
உட்கார்ந்து ஊதினாலும் நடை நடைதான், அண்ணா. 1992இல் மலேசிய தேசிய கீதமான நெகாராகூவை மார்ச் வேகத்துக்கு முடுக்கினார்களே, நினைவிருக்கிறதா? சபைகூடலில் விறைப்பாக நிற்கவேண்டிய நேரத்தில் சப்பாத்துக்குள் கட்டைவிரல் தாளம் போடும். 2003இல் பழைய வேகம் திரும்பியபோதுதான் அது அடங்கியது. கவாத்தை விட்டுவிடுகிறேன். அணிநடைக்கு என் வாக்கு.

செந்தூலிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். 'அணிநடை இசை' என்று அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
சரி. வாசிக்கும் பிள்ளைகள் மார்ச் என்றுதான் சொல்லப் போகிறார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து:
அடுத்த ஆண்டும் நான் வஞ்சி என்றுதான் சொல்வேன். அப்புறம், மார்ச்சின் பிற்பகுதியில் வரும் 'ட்ரியோ' பகுதியை 'மூவரிசை' என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். சூசாவில் கடைசியாக மொத்தக் குழுவும் சேர்ந்து ஊதுவது அந்த மெட்டைத்தான்.

செந்தூலிலிருந்து:
அதுவும் அச்சுக்குப் போய்விட்டது, ஐயா.