11 வருட நோட்டு: பாம்பு, தவளைப் பதிவுகளை எந்தச் செயலியில் ஏற்றுவது?

ராத்தவளை:

வணக்கம். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. பகலில் கணக்கு எழுதுவது தொழில், இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு தவளை தேடிப் போவது பைத்தியம். 11 வருடமாகப் பார்த்ததையெல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன்: தேதி, நேரம், இடம், மழையா இல்லையா, என்ன செய்துகொண்டிருந்தது. நான்கு நோட்டு நிறைந்து ஐந்தாவது ஓடுகிறது.

நடுவில் மூன்று வருடம் நோட்டை மூட்டை கட்டிவிட்டு ஒரு செயலியில் மட்டும் போட்டேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் திறந்தால் சேவையை நிறுத்திவிட்டோம் என்று ஒரே ஒரு வரி. 412 பதிவுகள் போயின. படங்கள் மிஞ்சின, ஆனால் பாதிப் படங்கள் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பழைய போன் உடைந்த பிறகு அவரிடமிருந்து திரும்ப வாங்கியவை. படம் எடுத்த தேதியும் இல்லை, லொகேஷனும் இல்லை. அழகான பாம்புப் படங்கள், அவ்வளவுதான்.

இப்போது எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்ற வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஐநேச்சுரலிஸ்ட், ஹெர்ப்மேப்பர், ஜிபிஃப், ரெப்டைல் டேட்டாபேஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது எதற்கு? இன்னொன்று, பறவை பார்க்கிற நண்பர்கள் ஈபேர்டில் பட்டியல் போடுகிறார்கள். ஒன்றும் பார்க்காமல் திரும்பினாலும் அதுவும் அங்கே கணக்கில் வருகிறதாம். நமக்கு அப்படி ஏதாவது உண்டா? நான் போன ராத்திரிகளில் பாதி வெறுங்கைதான்.

பாம்புச்சட்டை:

ராத்தவளை, 412 பதிவு போனது என்று படித்ததுமே வயிற்றைக் கலக்கியது. நானும் ஒருமுறை கைசுட்டவன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் குழப்பத்தைப் பிரிப்போம். நீங்கள் சொன்ன நான்கும் ஒரே வகை இல்லை. ரெப்டைல் டேட்டாபேஸில் நீங்கள் பார்த்ததைப் பதிய முடியாது. அது பெயர்களின் அகராதி: உலகில் இதுவரை பெயரிடப்பட்ட 12,000க்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள், அவற்றின் பழைய பெயர்கள், எங்கே இருக்கின்றன என்பதெல்லாம். தவளைகளுக்கு இதே வேலையை அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 'ஆம்பிபியன் ஸ்பீஷிஸ் ஆஃப் தி வேர்ல்ட்' செய்கிறது. கூடவே ஆம்பிபியாவெப் என்கிற தளமும் இருக்கிறது. பழைய நோட்டை ஏற்றும்போது இவை கட்டாயம் தேவைப்படும். நீங்கள் பழைய கையேட்டைப் பார்த்து பூஃபோ மரைனஸ் என்று எழுதியிருப்பீர்கள், இன்று அதே கரும்புத் தேரைக்கு ரைனெல்லா மெரினா என்று பெயர். ஒரு வேண்டுகோள்: நோட்டில் இருந்த பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயரைப் போடாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே அந்த இனத்தை இரண்டாகப் பிரித்தால், நீங்கள் அன்று எதைப் பார்த்து என்ன நினைத்தீர்கள் என்பதற்கு அந்தப் பழைய பெயர்தான் சாட்சி.

ஜிபிஃப் உலகம் முழுவதிலிருந்தும் உயிரினப் பதிவுகள் வந்து சேருகிற ஒரு பெரிய ஏரி மாதிரி. அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள், செயலிகள் என்று பல வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து சேரும். நீங்களும் நானும் குடத்தோடு போய் நேரடியாக ஊற்ற முடியாது, ஒரு நிறுவனம் வழியாகத்தான் போகும். ஐநேச்சுரலிஸ்ட் அப்படி ஒரு வாய்க்கால்: யார் வேண்டுமானாலும் பார்த்ததை ஏற்றலாம், மற்றவர்கள் அது என்ன இனம் என்று சொல்வார்கள். அங்கே தேதி, இடம், படம் அல்லது ஒலி இருந்து, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனத்தைச் சொன்னால் அது ஆய்வுத் தரம் பெறும். அதன் பிறகு ஜிபிஃபுக்குப் போகும். இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி, உரிமம். கணக்கு அமைப்பில் 'எல்லா உரிமையும் எனக்கே' என்று வைத்திருந்தால் உங்கள் பதிவு அந்த ஏரிக்குப் போகாது. பதிவுக்கான உரிமம் வேறு, படத்துக்கான உரிமம் வேறு, இரண்டையும் பாருங்கள்.

ஹெர்ப்மேப்பர் ஊர்வனவற்றுக்கும் தவளை போன்ற நீர்நில வாழ்வனவற்றுக்கும் மட்டுமே ஆனது. துல்லியமான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாது. அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கும் பாதுகாப்பு அமைப்புகளுக்கும் மட்டும் தரும். ஆனால் அடையாளம் சொல்ல ஆள் வேண்டும் என்றால் ஐநேச்சுரலிஸ்டில் இருக்கிற கூட்டம் அங்கே இல்லை.

ஆக என் பதில்: இது எதுவுமே உங்கள் நோட்டுக்கு மாற்று இல்லை. முதல் பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். சாதாரண விரிதாள் போதும், ஒரு பதிவுக்கு ஒரு வரிசை. தேதியை 2019-07-03 என்கிற பாணியிலேயே எழுதுங்கள், அதுவும் அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பிறகு. எக்ஸெல் தேதியைப் பார்த்தால் சும்மா இருக்காது, நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி வைக்கும், நீங்கள் கவனிப்பதற்குள் சேமித்தும் விடுவீர்கள். சிஎஸ்வி கோப்பாக (எந்த மென்பொருளிலும் திறக்கிற வெறும் எழுத்துக் கோப்பு) ஒரு பிரதி, வேறு ஒரு வட்டில் ஒரு பிரதி. படத்தின் மூலக் கோப்பும் அப்படியே. ஐநேச்சுரலிஸ்ட் படத்தின் நீளமான பக்கத்தை 2048 பிக்சலுக்குச் சுருக்கித்தான் வைத்துக்கொள்ளும். அதைச் சேமிப்புக் கிடங்கு என்று நம்பி மூலத்தை அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

அரணைக்கண்:

மேலே சொன்னது சரி, ஆனால் இட விவரத்தைப் பற்றி அண்ணன் ஒரே வரியில் போய்விட்டார். அதுதான் முக்கியம் என்பேன்.

சீனாவின் தென்பகுதியில் கோனியூரோசாரஸ் லூயி என்று ஒரு பல்லி. 1999இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். கட்டுரையில் இருந்த இடத்தை வைத்தே செல்லப்பிராணி வியாபாரத்துக்குப் பிடிப்பவர்கள் போய் அள்ளினார்கள். முதலில் கண்டுபிடித்த இடத்தில் அந்தப் பல்லியே இல்லாமல் போனது. 2006இல் சயன்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். பறவைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இருந்தாலும் நமக்கு அதிகம், ஏனென்றால் பல்லியும் ஆமையும் பறந்து போகாது. இன்று பார்த்த கல்லுக்கு அடியில்தான் அடுத்த வாரமும் இருக்கும்.

ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. அழியும் நிலையில் இருக்கிற பல இனங்களுக்குத் தானாகவே மங்கும். அப்போது புள்ளி 0.2 பாகை சதுரத்துக்குள் எங்கோ விழும், நிலநடுக்கோட்டருகே அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டம். இதுவரை சரி. ஆனால் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். ஓர் ஆமையை மங்கலாக்கி ஏற்றினேன். அடுத்த அரை மணி நேரத்தில் அதே ஓடையில் பார்த்த மூன்று தவளைகளைத் திறந்த புள்ளியாக ஏற்றினேன். அதே நாள், அதே ஆள். ஆமை எங்கே என்று கண்டுபிடிக்க மேதையாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தளம் மங்கலாக்கிய பதிவுக்கு நாளைக் காட்டாமல் மாதத்தை மட்டும் காட்டுவது இதனால்தான், ஆனாலும் நான் ஆமைப் பதிவின் குறிப்பில் நேரத்தையே எழுதியிருந்தேன்! இப்போது அந்த ஓடையில் பார்ப்பது எல்லாவற்றையும் மொத்தமாக மங்கலாக்குகிறேன். பின்னணியில் பாலமோ பெயர்ப்பலகையோ தெரிகிற படத்தைப் போடுவதில்லை.

ராத்தவளை:

இருவருக்கும் நன்றி. உரிமத்தைப் பார்த்தேன், 'எனக்கே' என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன்.

ஒரு சந்தேகம். செயலி தானாகவே பெயர் சொல்கிறதே, அதை நம்பலாமா? நேற்று சுவர்ப்பல்லி ஒன்றுக்கு இரண்டு தடவை இரண்டு பெயர் சொன்னது. அப்புறம், பழைய நோட்டில் 'பாலம் தாண்டி மூன்றாவது வளைவு' என்றுதான் இடம் எழுதியிருக்கிறேன். இதை எப்படிப் புள்ளியாக்குவது?

குளத்தங்கரை:

சுவர்ப்பல்லிகளில், அதாவது ஹெமிடாக்டைலஸ் பேரினத்தில், முதுகை மட்டும் படம் எடுத்தால் நிபுணரே கையை விரிப்பார். விரலுக்கு அடியில் இருக்கும் தகடுகள், தாடையின் அடிப்பக்கம், வால் செதில்கள், இவை வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் ஏறும்போது மறுபக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், பிடித்துத் துன்புறுத்தத் தேவையில்லை. செயலி சொல்வதை யூகமாக எடுத்துக்கொள்ளுங்கள். உறுதியில்லாதபோது பேரினத்தோடு நிறுத்துவதில் ஒரு வெட்கமும் இல்லை. பாம்பு விஷமுள்ளதா என்று முடிவு செய்ய மட்டும் எந்தச் செயலியையும் நம்பாதீர்கள், படத்துக்காக நெருங்கவும் வேண்டாம்.

மூன்றாவது வளைவுக்கு: வரைபடத்தில் உத்தேசமாகப் புள்ளி வைத்து, துல்லிய ஆரத்தை, அதாவது உண்மையான இடம் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் என்கிற அளவை, பெரிதாக்குங்கள். 300 மீட்டரா 500 மீட்டரா என்பது உங்கள் ஞாபகத்தைப் பொறுத்தது. ஆரத்தைச் சொல்லாமல் ஏழு தசமத்தில் ஆள்கூறு கொடுப்பதுதான் பொய். மூல வாசகத்தையும் அப்படியே குறிப்பில் போடுங்கள். படம் இல்லாத பதிவையும் ஐநேச்சுரலிஸ்ட் ஏற்கும், ஆய்வுத் தரம் மட்டும் கிடைக்காது.

வெறுங்கை ராத்திரிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு என்றால் ஓர் உயிரைப் பார்த்தது, அவ்வளவுதான். பார்க்காததை எழுத இடமில்லை. அதனால் நடையைத் தனித் தாளில் வையுங்கள்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், நடந்த தூரம், வெப்பநிலை, மழை. எபிகலெக்ட்5 என்கிற இலவசச் செயலியில் உங்கள் விருப்பப்படி படிவம் செய்துகொள்ளலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பலாம். ஒவ்வொரு நடைக்கும் ஓர் எண் கொடுத்து, அன்று பார்த்த பதிவுகளிலும் அந்த எண்ணை எழுதுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு குளத்தில் தவளை குறைந்ததா, இல்லை நீங்கள் அங்கே போவது குறைந்ததா என்று கேட்டால், பதில் அந்தத் தாளில்தான் இருக்கும். தவளை கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டால் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒலியும் சான்றுதான்.

ராத்தவளை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். முதல் நோட்டு முழுவதும் விரிதாளில் ஏறிவிட்டது, 163 வரிசை. அதில் 38 வரிசையில் 'சின்னத் தவளை' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த வயதில் எனக்குப் பெரிய தவளை, சின்னத் தவளை என்று இரண்டே இனம். நடைத் தாளையும் நோட்டிலிருந்தே தயாரித்தேன், ஏனென்றால் கிளம்பிய நேரத்தை எப்போதும் எழுதியிருக்கிறேன். திரும்பிய நேரத்தைத்தான் ஒரு நாள்கூட எழுதவில்லை.

இரண்டாவது நோட்டு எப்போதோ மழையில் நனைந்தது. ஒன்பது பக்கத்தில் மை பரவிக் கிடக்கிறது. நடுவில் பேனா தீர்ந்து பென்சிலில் எழுதிய நான்கு வரி மட்டும் தெளிவாக இருக்கிறது. நேற்று ஒரு டஜன் பென்சில் வாங்கினேன்.

அரணைக்கண்:

அந்த ஒன்பது பக்கத்தை நீல வெளிச்சத்தில் படம் எடுத்து, கணினியில் நிறத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை பாதி வரிகள் கிடைத்தன. அதுவரை நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.