குவிக்புக்ஸ் டெஸ்க்டாப்: பிகினிங் பேலன்ஸ் 18,400 கூடுதலாக வருகிறது, அன்டூ செய்யலாமா?

கேள்வி
குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளில் மார்ச் வரை ரீகன்சைல் (பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டுப் பதிவுகளை டிக் செய்வது) முடிந்தது. மார்ச் 31 ஸ்டேட்மென்ட் இருப்பு 4,82,650. ஏப்ரலைத் தொடங்கினால் பிகினிங் பேலன்ஸ் (தொடக்க இருப்பு) 5,01,050 காட்டுகிறது. ஜனவரியில் டிக் ஆன 18,400 ரூபாய் செக்கை யாரோ அழித்துவிட்டு, செலவுத் தலைப்பை மாற்றிப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மூன்று மாத ரீகன்சைலையும் அன்டூ (ரத்து) செய்ய வேண்டுமா?

பதில் 1
வேண்டாம். பிகினிங் பேலன்ஸ் என்பது ரீகன்சைல் ஆன பதிவுகளின் கூட்டல் மட்டுமே. அழித்த செக்கோடு அதன் டிக்கும் போய்விட்டது. புதிய பதிவில் டிக் இல்லை. ஒரு பதிவுக்காக மூன்று மாத வேலையைக் கலைக்கக் கூடாது.

முதலில் பேக்கப். பிறகு பேங்கிங் > ரீகன்சைல் > லொகேட் டிஸ்க்ரெபன்சீஸ் போய் டிஸ்க்ரெபன்சி ரிப்போர்ட்டை (ரீகன்சைல் ஆன பிறகு மாற்றிய, அழித்த பதிவுகளின் பட்டியல்) பாருங்கள். அந்த ஒரு செக் மட்டும்தான் என்றால், ஸ்டேட்மென்ட் தேதி மார்ச் 31, எண்டிங் பேலன்ஸ் 4,82,650 என்று கொடுத்து, புதிய செக்கை மட்டும் டிக் செய்யுங்கள். 5,01,050இல் 18,400 கழிந்து வித்தியாசம் சைபர் ஆகும். ரீகன்சைல் நவ் அழுத்திவிட்டு ஏப்ரலுக்குப் போகலாம்.

"என்டர் அட்ஜஸ்ட்மென்ட்" பக்கம் போகவே போகாதீர்கள். வித்தியாசத்தை அது ரீகன்சிலியேஷன் டிஸ்க்ரெபன்சீஸ் கணக்கில் தள்ளிவிடும். தவறு அப்படியே இருக்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. பேங்க் ஸ்டேட்மென்ட்டை ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. பிப்ரவரியில் பேங்கில் வராத பல பதிவுகளுக்கு டிக் இருக்கிறது, வந்தவற்றில் சில விடுபட்டிருக்கின்றன. மொத்தத் தொகை மட்டும் தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது.

பதில் 2
அப்படியானால் அன்டூதான் சரி. ஆனால் மேலே சொன்ன மார்ச் 31 திருத்தத்தை இப்போது செய்ய வேண்டாம். செய்தால் அதுவே கடைசி ரீகன்சிலியேஷனாகி, முதலில் அதை அன்டூ செய்ய வேண்டிவரும்.

பழைய ரீகன்சிலியேஷன் ரிப்போர்ட்களை முன்பே பிடிஎஃப் எடுத்து வையுங்கள். ப்ரோ பதிப்பில் கடைசி மாத ரிப்போர்ட் மட்டுமே கிடைக்கும். "அன்டூ லாஸ்ட் ரீகன்சிலியேஷன்" ஒரு தடவைக்கு ஒரு மாதம்தான் பின்னால் போகும்: முதலில் மார்ச், அடுத்து பிப்ரவரி. அங்கே நிறுத்துங்கள். இப்போது பிகினிங் பேலன்ஸ் ஜனவரி ஸ்டேட்மென்ட் இருப்பைவிடச் சரியாக 18,400 கூட இருக்க வேண்டும். வேறு தொகை வந்தால் ஜனவரியிலும் ஏதோ மாறியிருக்கிறது, ஆடிட் ட்ரெயில் (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற ரிப்போர்ட்) பாருங்கள். சரியாக இருந்தால் ஜனவரி 31 தேதி, ஜனவரி இருப்பு கொடுத்து அந்தச் செக்கை மட்டும் டிக் செய்து முடியுங்கள். பிறகு பிப்ரவரி, மார்ச்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: அன்டூ செய்தாலும் பேங்க் சார்ஜ், வட்டிப் பதிவுகள் அழிவதில்லை, டிக் மட்டும் போகும். மறுபடி செய்யும்போது சர்வீஸ் சார்ஜ் கட்டத்தில் தொகை போட்டால் இரண்டு தடவை ஏறிவிடும். கட்டத்தைக் காலியாக விட்டு, பழைய பதிவையே டிக் செய்யுங்கள்.

பதில் 3
முடிந்ததும் எடிட் > ப்ரிஃபரன்சஸ் > அக்கவுன்டிங்கில் க்ளோசிங் டேட்டை (அதுவரையிலான பதிவுகளை மாற்றப் பாஸ்வேர்டு கேட்கும் தேதி) மார்ச் 31 என வைத்துப் பாஸ்வேர்டு போடுங்கள். தலைப்பு மட்டும் மாற்ற வேண்டுமானால் செக்கை அழிக்கவே தேவையில்லை. அதே பதிவைத் திறந்து கணக்கை மாற்றினால் டிக் அப்படியே நிற்கும்.