நரிக்கு எந்தத் துவக்கு நல்லது? மூன்று ஆடு போய்விட்டது

படுவான்கரைப் பொடியன்

வணக்கம். நான் இருப்பது மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் வயல், வயல் முடிய வாய்க்கால், அதற்கு அங்கால் பற்றைக்காடு. பதினேழு ஆடு வைத்திருந்தேன், இப்போது பதினான்கு. முதலில் போனது ஒரு குட்டி. விடியப் பார்த்தால் ஆளையே காணவில்லை, இரத்தம்கூட இல்லை. அடுத்த இரண்டும் போன வெள்ளிக்கிழமை சாமத்தில், ஒரே இரவில். அதில் ஒன்று சினை ஆடு. பின்கால் இரண்டும் கிழிந்து, ஒரு காது இல்லாமல், கொட்டில் வாசலிலேயே கிடந்தது. உயிர் இருந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்தேன், என் கையை நக்கியது, விடிய முதல் போய்விட்டது. அன்றோடு எனக்கு நரியைச் சும்மா விட மனமில்லை.

மச்சான் ஒருவர் கனடாவில் இருக்கிறார். அங்கே கொயோட்டி என்று நரி மாதிரி ஒன்று இருக்கிறதாம், இருநூறு மீட்டருக்கு மேல் நின்ற ஒன்றை ஒரே வெடியில் விழுத்துகிற வீடியோவை அனுப்பினார். அந்த மாதிரி ரைபிள் இங்கே எடுக்கலாமா? இல்லாவிட்டால் 12 போர் சொட்கன் (சன்னம் என்கிற ஈய உருண்டைகளைச் சிதற விடுவது) போதுமா? பக்கத்து வயற்காரர் பெரிய சன்னம் உள்ள எஸ்ஜி தோட்டாதான் திறம் என்கிறார். இன்னொருவர் கட்டுத்துவக்கு (கம்பியில் கால் தட்டினால் தானாக வெடிப்பது) வை, செலவும் குறைவு, நித்திரையும் கெடாது என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம், துவக்கைப் பற்றி மட்டும் சொன்னால் போதும்.

தம்பிலுவில் வயற்காரன்

தம்பி, புத்திமதி வேண்டாம் என்றபடியால் துவக்கை முதலில் சொல்கிறேன், மற்றது பிறகு கட்டாயம் வரும்.

என்னிடம் லைசன்ஸோடு ஒரு 12 போர் இருக்கிறது, ஒற்றைக் குழல், பன்றிக்காக எடுத்தது. ரைபிள் பேச்சை விட்டுவிடுங்கள், பயிரைக் காக்க என்று நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுப்பது சொட்கன்தான். 1916ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சுடுகலன் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், விண்ணப்பிக்க வேண்டும், கிடைத்தாலும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். என் கடதாசிகள் கிராம சேவகர், பொலிஸ் என்று சுற்றி வருவதற்குள் ஒரு போகம் வெட்டி முடிந்துவிட்டது. அதுவரைக்கும் உங்கள் ஆடு உயிரோடு இருக்க வேண்டுமே.

எஸ்ஜி பற்றிப் பக்கத்து வயற்காரர் சொன்னது பன்றிக்குச் சரி, நரிக்குப் பிழை. ஒரு எஸ்ஜி தோட்டாவுக்குள் ஒன்பது சன்னம், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பன்றி அகலமான மிருகம், எங்கேயாவது இரண்டு மூன்று படும். நரி எட்டு ஒன்பது கிலோ, நேரே பார்த்து நின்றால் அதன் நெஞ்சு உங்கள் விரித்த கை அளவு கூட இருக்காது. நான் ஒரு தோட்டாவை நட்டமாக்கி, முப்பது மீட்டரில் அரிசிச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தேன். ஒன்பதில் சாக்கில் இருந்தது நான்கு ஓட்டை, அதிலும் இரண்டு ஓரத்தில். நரி நடுவில் நின்றிருந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கும். இல்லாவிட்டால் வயிற்றில் ஒன்று பட்டு, பற்றைக்குள் மூன்று நாள் கிடந்து செத்திருக்கும். பிபி மாதிரிச் சின்னச் சன்னம் என்றால் ஒரு தோட்டாவில் அறுபது வரும், சுளகு அளவு வட்டத்துக்குள் நெருக்கமாக விழும், ஆனால் இருபத்தைந்து மீட்டருக்குள் வர விட வேண்டும். குழலின் வாய் ஒடுக்கத்தையும் பார்க்க வேண்டும், சோக் என்பார்கள். நாற்பது யார் (கெஜம்) தூரத்தில், முப்பது அங்குல வட்டத்துக்குள், முழுச் சோக் உள்ள குழல் நூற்றுக்கு எழுபது சன்னத்தைப் போடும், ஒடுக்கமே இல்லாத குழல் நாற்பதுதான். பழைய துவக்கை மலிவாக வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை, கட்டை பளபளக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

கட்டுத்துவக்கை நினைக்கவும் வேண்டாம். முதலாவது அது சட்டப்படி குற்றம். அடுத்தது, அந்தக் கம்பிக்கு நரியின் கால் எது, மனிசன் கால் எது என்று தெரியாது. எங்கள் வட்டையில் சாமத்தில் தண்ணீர் திருப்பப் போனவருக்கு முழங்கால் போனது. இன்றைக்கும் அவர் தடியோடுதான் வரம்பில் நடக்கிறார், கம்பி கட்டியவர் சொந்தத் தம்பிதான்.

ஸ்காபரோ மட்டக்களப்பான்

வீடியோவில் வருகிற மச்சான் நானில்லை, ஆனால் நானும் அதே வேலை பார்க்கிறவன்தான். சொந்த இடம் களுவாஞ்சிக்குடி, அதாவது உங்களுக்கு எதிர்க்கரை. இங்கே கனடாவில் செம்மறி வளர்க்கிற வெள்ளைக்காரர் ஒருவரின் பண்ணைக்கு மாரியில் போவேன்.

கொயோட்டிக்கு இங்கே கூடுதலான ஆட்கள் எடுப்பது .223 ரைபிள் (இந்த எண்கள் குண்டின் பருமன் வகை). குண்டு 55 கிரெயின், மூன்றரைக் கிராமுக்குச் சற்று மேல், செக்கனுக்கு 3,200 அடி அளவில் போகும். உதைப்பு மிகக் குறைவு, தோட்டாவும் ஒப்பீட்டில் மலிவு, இருநூறு மீட்டருக்கு மேலேயும் அதிகம் விழாமல் நேரே போகும். அதைவிட வேகம் வேண்டும் என்பவர்கள் .22-250 எடுப்பார்கள். காற்று அடிக்கிற வெட்டவெளிக்கும், மான் வேட்டைக்கும் சேர்த்து ஒரே துவக்கு வேண்டும் என்பவர்களுக்கு .243, அது 1955இல் வந்த பழைய சரக்கு, இன்னும் திறம். தோலை விற்கிறவர்கள் பெரிய ஓட்டை விழாத குண்டாகத் தேடுவார்கள். பற்றைக்குள் முயல் கத்துகிற மாதிரி ஊதுகுழல் ஊதிக் கிட்டக் கூப்பிட்டால் 12 கேஜ்தான், அதாவது நீங்கள் சொல்லும் 12 போர், அதற்கு நம்பர் 4 பக்சொட் என்ற தோட்டா, 27 சன்னம் இருக்கும். என்னிடம் .223 போல்ட் அக்சன் (ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ஏற்றுவது) ஒன்று மட்டும். இராணுவத் துவக்கு மாதிரியான ஏஆர்-15 வகையை 2020 மே மாதம் அரசாங்கமே தடை செய்துவிட்டது. எடுக்க முதல் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணி லைசன்ஸ் எடுக்க வேண்டும், அந்த வகுப்பில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: குண்டு தவறினால் எங்கே போய் நிற்கும்?

நான் சுடுகிற இடத்தில் பின்னால் மண்மேடு, அதற்குப் பின்னால் வீடு என்று ஒன்று இல்லை. உங்களுக்குப் பின்னால் என்ன? வாய்க்கால், வயல், அங்கால் இன்னொருவரின் வாடி. .22 என்று சின்னத் துவக்காக நினைப்பது கூட ஒன்றரை மைல் போகும், தண்ணீர் நிற்கிற வயலில் பட்டால் தண்ணீரில் தவளைக்கல் எறிந்த மாதிரித் தெறித்துத் திசை மாறிப் போகும். இங்கே எனக்குச் சரியான ரைபிள் அங்கே உங்களுக்கு ஆபத்து. தம்பிலுவில் அண்ணன் சொன்ன சின்னச் சன்னம் அந்த வகையில் நல்லது, நானூறு மீட்டருக்குள் விழுந்துவிடும்.

இன்னொன்று. சஸ்கச்சுவான் மாகாணத்தில் 2009இல் ஒரு கொயோட்டிக்கு 20 டொலர் கொடுத்து, ஒரே மாரியில் 70,000க்கு மேல் கொன்றார்கள். கொயோட்டி இன்னும் அங்கே இருக்கிறது. நான் போகிற பண்ணைக்காரர் இப்போது மந்தைக்குள் ஒரு கழுதையை விட்டிருக்கிறார், நாய் நரி எது வந்தாலும் துரத்தித் துரத்தி உதைக்கும். மன்னாரில் கழுதை ரோட்டில் சும்மா அலைகிறது, ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து பாருங்களேன். பகிடிக்குச் சொல்லவில்லை.

செங்கலடிக் கால்நடைக்காரி

தம்பி, துவக்குக் கதையெல்லாம் பிறகு. நீங்கள் எழுதியதில் ஒரு வரியை இவர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. கடிபட்ட ஆடு கையை நக்கியது என்றீர்கள். கையில் கீறல், வெட்டு ஏதும் இருந்ததா? அதன் காயத்தைக் கழுவினீர்களா? விசர் (ரேபிஸ்) பிடித்த மிருகத்தின் எச்சில் அந்தக் காயத்தில் இருந்திருக்கலாம், நரிக்கும் விசர் வரும், நாய்க்கும் வரும். கையைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஊசி தேவையா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். நோய்க்குறி வந்த பிறகு வைத்தியம் கிடையாது. தப்பிய ஆடுகளில் கடிபட்டது ஏதும் இருந்தால் புறம்பாகக் கட்டுங்கள்.

இனி ஆட்டுக்கு வருவோம். முப்பது வருடம் இந்தத் தொழிலில் செத்த ஆடு பார்த்தவள் நான். குட்டியை இரத்தம் இல்லாமல் தூக்கிக்கொண்டு போனது நரியாக இருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது நரி என்று எனக்குத் தோன்றவில்லை. நரி பசிக்கு வருவது, குரல்வளையைப் பிடிக்கும், வயிற்றுப் பக்கம் கிழித்துத் தின்னும். பின்காலையும் காதையும் கடித்துக் குதறி, ஒன்றுக்கு இரண்டாக விழுத்தி, தின்னாமல் போட்டுவிட்டுப் போவது நாய். கூட்டமாகச் சேர்ந்தால் வீட்டு நாயும் அதைச் செய்யும், விடிய வந்து உங்கள் காலடியில் வாலை ஆட்டிக்கொண்டு படுக்கும். சிறுத்தை என்றால் கழுத்தில் ஆழமாக நான்கு பல் ஓட்டை, ஆட்டை இழுத்துக்கொண்டு போன தடம், அவ்வளவுதான். கோழி போனால் மரநாய் அல்லது மீன்பிடிப் பூனை, அதைத்தான் சிங்களத்தில் ஹந்துன் திவியா என்பார்கள். சிறுத்தையும் மீன்பிடிப் பூனையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, இருட்டில் கண் மட்டும் மினுங்குவதைப் பார்த்துச் சுட்டுவிட்டு நரி என்று நினைத்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. எதைச் சுட நினைத்தாலும் முதலில் வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். கொட்டிலைச் சுற்றி இரண்டு முழ அகலத்துக்கு ஆற்று மணலைப் போட்டு, செக்கலில் ஈர்க்குமாறால் இழுத்து மட்டமாக விடுங்கள். விடியப் பாருங்கள். நகம் பதியாமல் வட்டமாக இருந்தால் பூனைச் சாதி. நகம் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. நரியின் அடி ஒடுக்கமாக, நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில் போகும், நாய் அங்கும் இங்கும் மணந்து மணந்து அலைந்திருக்கும்.

வாகரைக் கிழவன்

எங்கள் அப்பாவிடமும் இரட்டைக்குழல் இருந்தது. யுத்தப் பிரச்சினை தொடங்கின காலத்தில் லைசன்ஸ் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தோம். அவர்கள் தந்த பற்றுச்சீட்டு இன்னும் றங்குப்பெட்டிக்குள் கிடக்கிறது, துவக்கு வரவில்லை. மறுகா அப்பா என்ன செய்தார் என்றால், கொட்டிலைத் தரையிலிருந்து நான்கு அடி உயர்த்திப் பலகை போட்டார். செக்கலில் ஆடு ஏறினால் ஏணியை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு எங்கள் வளவில் ஒரு ஆடு போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. புழுக்கையும் கீழே விழும், ஆட்டுக்குக் குளம்பு அழுகாது, தோட்டத்துக்குப் பசளை.

நரி சுட்டால் தலையைத் தா, அதிர்ஷ்டம் தருகிற நரிக்கொம்பு இருக்கா பார்ப்போம் என்று இரண்டு பேர் கட்டாயம் வருவார்கள், அவர்களையும் துரத்த வேண்டி வரும்.

படுவான்கரைப் பொடியன்

அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் முள் கிழித்த கீறல் இருந்தது, ஊசி தொடங்கிவிட்டார்கள், இன்னும் போக வேண்டும். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் யோசித்தே இருக்க மாட்டேன்.

மணல் போட்டேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை, அணில் கால்தான். மூன்றாம் நாள் விடிய மணல் முழுக்கக் கலங்கிக் கிடந்தது. குறைந்தது நான்கு நாய். அதில் ஒரு அடி கொஞ்சம் வித்தியாசம், முன் இடது காலில் ஒரு விரல் பதியவே இல்லை. எனக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது, ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மாமாவின் கறுப்பன். சின்னதில் உழவு மெசின் ஏறி விரல் போனது. நான்தான் மருந்து கட்டினேன். நான் போனபோது அவிழ்த்துவிட்டபடி வாசலில் படுத்திருந்தது, என்னைக் கண்டு எழும்பி வந்தது.

வாய்க்கால் பக்கம் நரியின் அடியும் இருந்தது, ஒடுக்கமாக, அக்கா சொன்ன மாதிரி ஒரே கோடு. கொட்டில் பக்கம் திரும்பவே இல்லை, நண்டு தேடிப் போயிருக்கிறது போல. குட்டியை எடுத்தது யார் என்று இன்னும் தெரியவில்லை.

மாமாவிடம் எப்படித் தொடங்குவது என்று யோசிக்கிறேன், மாமிக்கு அந்த நாய் பிள்ளை மாதிரி. வாகரை ஐயா, நான்கு அடி உயரத்துக்குக் கால் என்ன மரத்தில் போட்டீர்கள், பனையா? பலகைக்கு இடையில் எத்தனை விரல் இடைவெளி விட வேண்டும், குட்டியின் கால் சிக்காதா?

வாகரைக் கிழவன்

கால் பாலை மரம், அறுபது வருடம் போனாலும் கறையான் தொடாது. இப்போது பாலை வெட்ட முடியாது, கொங்கிரீட் தூண் போடு. இடைவெளி ஒரு விரல், அதற்கு மேல் வேண்டாம். மாமாவைக் கூட்டி வந்து மணலில் உள்ள அடியைக் காட்டு, நீ ஒன்றும் சொல்லாதே. மழை வர முதல் காட்டு.