கறிவேப்பிலை மரமும் சாயும் கம்பமும்

குழு: பட்டுக்கோட்டை வீடு
ஞாயிறு

முருகேசன் மாமா, 9:12
காலையில் என் ரேடியோ ஆன்டெனாவுக்கான கம்பத்தை முதன்முறையாகச் சாய்த்துப் பார்த்தேன். பாதிகூட வரவில்லை. கம்பத்தை இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்டே கம்பிகளில் கிழக்குப் பக்கத்தது வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது. மேற்குப் பக்கம் ஒரு தொல்லையும் இல்லை.

வித்யா, 9:14
அப்பா, அடியில் யாரும் நிற்கவில்லையே?

செல்வி அத்தை, 9:15
நான்தான் நின்றேன். கொடியில் துணி எடுக்கப் போனேன்.

முருகேசன் மாமா, 9:15
பத்தடி தள்ளி நின்றாள். அதையும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ரவி சித்தப்பா, 9:20
மச்சான், மறுபடியும் கம்பமா? 2018-ல் கஜாவோடு விழுந்தது போதாதா?

முருகேசன் மாமா, 9:23
கஜாவில் விழுந்தது தென்னை. அது கம்பத்தின் மேல் விழுந்தது. அதனால்தான் இந்தமுறை அடியில் கீல் வைத்திருக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் கம்பத்தைப் படுக்க வைத்துவிடலாம். ஆன்டெனாவில் ஒரு நட்டு கழன்றால் ஏறிப் பார்க்க எனக்கு முழங்காலும் இல்லை.

கார்த்தி, 9:31
மாமா, இப்போது கம்பம் எப்படி இருக்கிறது? பாதியில் தொங்கவில்லையே?

முருகேசன் மாமா, 9:32
நிமிர்த்திப் பூட்டிவிட்டேன் தம்பி.

கார்த்தி, 9:33
சரி. பீடம், கீல், ஸ்டே கட்டிய முளைகள் எல்லாம் தெரிகிற மாதிரி மாடியிலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

ரவி சித்தப்பா, 9:36
பீடம் புதைந்திருக்கும். கொல்லை மண் களிமண்தானே?

முருகேசன் மாமா, 9:41
பீடத்தைக் குறை சொல்லாதீர்கள். 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழம். எப்படிப் பார்த்தாலும் 800 கிலோ கான்கிரீட். 16 மில்லிமீட்டர் ஜே போல்ட் நான்கு. கான்கிரீட் கொட்டும்போது நகராமல் இருக்க பிளைவுட்டில் நான்கு ஓட்டை போட்டு அதில் மாட்டி நிறுத்தினோம். தகட்டுக்குக் கீழே ஒரு நட், மேலே ஒரு நட். கீழ் நட்டைத் திருகித் திருகி ரசமட்டம் பார்த்தது நானேதான். சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, 28 நாள் கழித்துத்தான் கம்பமே ஏறியது.

செல்வி அத்தை, 9:42
தண்ணீர் ஊற்றியது நான்.

முருகேசன் மாமா, 9:44
(படம்)

கார்த்தி, 9:52
மாமா, கிழக்கு முளையை ஏன் தள்ளி அடித்தீர்கள்?

முருகேசன் மாமா, 9:54
நேரே அடிக்க வேண்டிய இடத்தில் உங்கள் அத்தையின் கறிவேப்பிலை மரம். அதனால் வடக்கே 2 அடி தள்ளினேன். 2 அடியில் என்ன வந்துவிடப் போகிறது?

கார்த்தி, 9:58
அதுதான் வந்திருக்கிறது. கம்பம் சாயும்போது கீலின் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. பக்கத்து முளை இரண்டும் அந்த அச்சின் நேர்கோட்டிலேயே இருந்தால் கம்பம் நின்றாலும் படுத்தாலும் ஸ்டே கம்பியின் நீளம் மாறாது. கம்பம் தெற்கே சாய்கிறது, முளை வடக்கே இருக்கிறது. சாயச் சாய முளைக்கும் கம்பத்துக்கும் தூரம் கூடும். 8 மீட்டர் உயரத்தில் ஸ்டே கட்டியிருக்கிறீர்கள். முழுக்கப் படுக்கும்போது ஒரு அடிக்கு மேல் கம்பி பற்றாது.

கார்த்தி, 9:59
இன்னும் இழுத்திருந்தால் கீல் முறுக்கியிருக்கும்.

முருகேசன் மாமா, 10:03
அடடா. நூல் பிடித்துப் பார்த்தேனே, பீடத்துக்கு மட்டும்.

வித்யா, 10:04
மரத்தை வெட்டச் சொல்லாதே கார்த்தி, அம்மா உன்னை வெட்டிவிடுவாள்.

கார்த்தி, 10:08
வேண்டவே வேண்டாம். அதே கோட்டில் மரத்தைத் தாண்டி அடிக்கலாம். கோட்டில் இருந்தால் போதும், கொஞ்சம் தூரம் கூடினால் கவலையில்லை. மரம் எவ்வளவு உயரம்?

செல்வி அத்தை, 10:09
ஆறடி. போன மாதம்தான் நுனி கிள்ளினேன்.

கார்த்தி, 10:12
மரம் பீடத்திலிருந்து 4 மீட்டரில். முளையை 6 மீட்டரில் அடித்தால் மரத்துக்கு நேரே கம்பி எட்டரை அடி உயரத்தில் போகும். ஒரு இலைகூட உதிராது. மாமா, பழைய ஸ்டேயை அவிழ்க்கும் முன் அந்தப் பக்கம் கயிறு ஒன்று கட்டிவிடுங்கள்.

ரவி சித்தப்பா, 10:15
ஈபி லைன் எங்கே இருக்கிறது?

முருகேசன் மாமா, 10:17
வடக்குத் தெருவில், 20 மீட்டருக்கு மேல் தள்ளி. கம்பம் மொத்தமே 11 மீட்டர். கீலை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்ததே அந்த லைனைப் பார்த்துத்தான்.

கார்த்தி, 10:20
ஜின் போல் எவ்வளவு நீளம்?

ரவி சித்தப்பா, 10:20
அது என்னப்பா?

முருகேசன் மாமா, 10:26
கம்பத்தின் அடியில் அதற்குச் செங்குத்தாக, எல் எழுத்து மாதிரி, பிடித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு குட்டிக் கம்பம். இழுக்கிற கயிறு அதன் தலை வழியாகப் போகும். வெல்டிங் பட்டறையில் ஒரு மீட்டர் போதும் என்றார்கள். நான் கேட்கவில்லை, 3 மீட்டர் வைத்தேன். பெரிய கம்பம் 2 இன்ச் ஜிஐ பைப் ஒன்று, அதற்குள் ஒன்றரை இன்ச் ஒன்று. இரண்டும் சேர்ந்து 50 கிலோ. தரையிலிருந்து கிளப்பும் நொடியில்தான் பாரம் அதிகம். ஒரு மீட்டர் என்றால் கயிற்றில் 300 கிலோ இழுவை. 3 மீட்டருக்கு 110 கிலோதான். நிமிர நிமிர அதுவும் குறையும்.

வித்யா, 10:29
இவ்வளவும் யாரோடு பேச, அப்பா?

செல்வி அத்தை, 10:30
கேட்காதே.

முருகேசன் மாமா, 10:34
7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ராத்திரி யாரும் வரலாம். பக்கத்துக்கு 10 மீட்டராக இரண்டு கம்பி, அவ்வளவுதான் ஆன்டெனா. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் குழு, என்னைப் போன்ற ஆர்வலர்கள் பேசிக்கொள்ளும் இந்த அமெச்சூர் ரேடியோவில்தான் தகவல் அனுப்பியது.

செல்வி அத்தை, 10:35
கேட்காதே என்றேனா?

முருகேசன் மாமா, 17:48
4 அடி ஆங்கிள் இரும்பைச் சாய்த்து அடித்தாயிற்று. சம்மட்டி எங்கள் வாடகைக்காரப் பையன். இந்தமுறை முளைக்கு முளை நூல் பிடித்தேன், கீலின் அச்சுக் கம்பி நடுவில் வந்தது. ஐப்பசி மழைக்கு முன் கான்கிரீட்டும் போட்டுவிட வேண்டும்.

முருகேசன் மாமா, 18:10
படுத்துவிட்டது! கிழக்குக் கம்பி இறுகவும் இல்லை, தொய்யவும் இல்லை.
(படம்)

கார்த்தி, 18:11
அருமை மாமா.

செல்வி அத்தை, 18:13
அந்தப் படத்தில் இருப்பது என் முக்காலி.

முருகேசன் மாமா, 18:14
கம்பத்தின் நுனி அதில் இருக்கிறது. ஆன்டெனா மாட்டினதும் தந்துவிடுகிறேன்.

செல்வி அத்தை, 18:14
எப்போது?

முருகேசன் மாமா, 18:20
செவ்வாய்.