திங்கள், புதன், வெள்ளிப் பிள்ளைகளும் செவ்வாய், வியாழன், சனிப் பிள்ளைகளும்

திண்டிவனம் பக்கத்து டீச்சர்:

ஊரடங்கைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், ஆன்லைன் வகுப்பைப் பற்றியும் எழுதுகிறார்கள். ஒரு நாள் பள்ளி, ஒரு நாள் வீடு என்று ஓடிய அந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான் யாரும் பேசி நான் பார்த்ததில்லை. அதனால் நானே தொடங்குகிறேன், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, 1 முதல் 8 வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1, திங்கட்கிழமைதான் திறந்தது. எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. வாசலில் வாழைமரம் கட்டி, ரோஜாப்பூவும் சாக்லேட்டும் கொடுத்து உள்ளே அழைத்தோம். என்னிடம் இரண்டாம் வகுப்பு, 34 பிள்ளைகள். நினைத்துப் பாருங்கள், இவர்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியே கிடையாது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனவர்கள், இரண்டாம் வகுப்பு பாதி ஓடிய பிறகுதான் முதன்முதலாக ஒரு வகுப்பறைக்குள் கால் வைக்கிறார்கள். மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாது. ஒரு பையன் காலை இடைவேளை மணிக்கே பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

ஓர் அறையில் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் 17, 17 என்று பிரித்தோம். ஒரு பேட்ச் திங்கள், புதன், வெள்ளி. இன்னொன்று செவ்வாய், வியாழன், சனி. தரையில் பெயின்ட்டால் வட்டம் போட்டு 1 முதல் 17 வரை எண் எழுதினோம். ஆக, ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு சொந்தக்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள்.

திங்கட்கிழமை நடத்தியதையே செவ்வாய்க்கிழமையும் நடத்த வேண்டும். ‘நேத்தே சொன்னேனே’ என்று வாய் வரைக்கும் வந்துவிடும், நேற்று கேட்டது வேறு பிள்ளைகள் என்று அப்புறம்தான் உறைக்கும். வாரத்தில் ஆறு நாள் பள்ளி, நடந்ததோ மூன்று நாள் பாடம். திறந்த வாரத்திலேயே தீபாவளி, அது முடிந்ததும் மழை. மழை விடுமுறை எந்தக் கிழமையில் விழுகிறதோ அந்த பேட்ச் அப்படியே பின்தங்கிவிடும். இந்தப் பக்கம் ‘ஆடு’ படித்துக்கொண்டிருப்பார்கள், அந்தப் பக்கம் ‘ஊஞ்சல்’ முடிந்திருக்கும்.

வீட்டில் இருக்கும் நாளுக்கு ஒரு பயிற்சித்தாள் எழுதி அனுப்புவேன், வாட்ஸ்அப் குழுவிலும் வாய்ஸ் மெசேஜ் போடுவேன். ஆனால் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பாண்டிச்சேரிக்குக் கொத்து வேலைக்குப் போகிறவர் ராத்திரி எட்டு மணிக்கு வந்தால்தான் பிள்ளை என் குரலைக் கேட்க முடியும், அதற்குள் அது தூங்கியிருக்கும். பகலில் வீட்டில் போன் இருந்த பிள்ளைகள் என் கணக்குப்படி 34 பேரில் 9 பேர். மற்றவர்களுக்கு அந்தத் தாள்தான் பள்ளி. அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? பாட்டி, அக்கா, அண்ணன்.

ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன், தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். புத்தகம் பிடிக்கத் தெரியவில்லை போல என்று நேராக வைத்துக்கொடுத்தேன். முழித்தாள். மறுபடி தானே தலைகீழாகத் திருப்பி, விரல் வைத்து, ‘அம்மா’, ‘ஆடு’, ‘இலை’ என்று கடகடவென்று படித்தாள்! எனக்கு ஒன்றுமே புரியவில்லை. சாயந்திரம் அவள் அம்மா வந்தபோது கேட்டேன். நான்காவது படிக்கிற அண்ணன்தான் ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வீட்டில் ஒரே புத்தகம், அவன் மடியில் வைத்துக்கொண்டு படிப்பான், இவள் எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் கண்ணுக்கு ‘அ’ என்றால் அப்படித்தான் இருக்கும். அந்தப் பையனைக் கூப்பிட்டு, ‘நீ நல்லா சொல்லிக்குடுத்திருக்கடா, இனிமே அவளப் பக்கத்துல உக்கார வெச்சுக்கோ’ என்று மட்டும் சொன்னேன். நேராகப் படிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. அவசரப்படுத்தவில்லை.

இன்னொன்று மாஸ்க். எங்கள் பக்கத்தில் பழத்தைப் ‘பயம்’ என்றுதான் பிள்ளைகள் சொல்லும். ழகரம் சொல்லித்தர நாக்கு எங்கே மடிகிறது என்று காட்டினால்தான் முடியும், வாயைத் துணி மூடியிருக்கிறது. ஒருநாள் எல்லாரையும் புங்க மரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார வைத்துவிட்டு, நான் சுவரோரம் போய் நின்று மாஸ்கைக் கீழே இறக்கி, ‘ழ... பழம்... மழை’ என்று வாயைத் திறந்து காட்டினேன். ஒரு பிள்ளையும் திருப்பிச் சொல்லவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். முன்வரிசையில் ஒருத்தி மெதுவாகப் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிறாள், ‘டீச்சர் மூக்குத்தி போட்டிருக்காங்கடி.’ மூன்று வாரமாகப் பாடம் நடத்துகிறேன், அன்றுதான் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மனசில் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டாவது வாரமோ மூன்றாவதோ, ஒரு செவ்வாய்க்கிழமை, திங்கள் பேட்ச் பையன் ஒருவன் பையோடு வந்து நின்றான். ‘இன்னைக்கு உன் நாள் இல்ல கண்ணா, நாளைக்கு வா’ என்று அனுப்பிவிட்டேன். பேட்ச் மாறி வரக் கூடாது என்று உத்தரவு, யாராவது பார்வைக்கு வந்தால் கேள்வி வரும் என்ற பயம். மதியம் தட்டு கழுவப் போன பிள்ளைகள் ஓடிவந்து, அவன் சுற்றுச்சுவருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்றார்கள். போய்ப் பார்த்தால், காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறான். அம்மா களையெடுக்கப் போய்விட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் உள்ளே நடத்திய பாட்டை மண்ணில் குச்சியால் எழுதி வைத்திருந்தான். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, சத்துணவு ஆயாவிடம் சொல்லி ஒரு தட்டு சாம்பார் சாதமும் முட்டையும் வாங்கிக்கொடுத்தேன். ஹெச்.எம்.மிடமும் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வீடு பூட்டியிருக்கும் பிள்ளைகள் தினமும் வரட்டும், வராண்டாவில் தள்ளி உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்த வாரத்திலிருந்து வராண்டாவில் ஐந்து பேர் மூன்றாவது பேட்ச் ஆனார்கள்.

இப்போது ஞாபகம் வருகிறது, 9ஆம் எண் வட்டம் ஜன்னலை ஒட்டி இருந்தது. அங்கே சுவரில் ஒரு சின்னப் பொந்து. திங்கள் பேட்ச் பெண் ஒருத்தி அதில் புளியங்கொட்டைகளை வைத்துவிட்டுப் போவாள், புதன்கிழமை வந்து பார்த்தால் கொட்டை போய், உடைந்த பல்பமோ குன்றிமணியோ இருக்கும். யார் வைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

திருப்பூர் அம்மா:

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மூத்தவன் அப்போது ஐந்தாவது, சின்னவள் மூன்றாவது, ஒரே பள்ளி. பேட்ச் பிரித்தபோது அவனுக்குத் திங்கள், புதன், வெள்ளி என்றும் இவளுக்குச் செவ்வாய், வியாழன், சனி என்றும் விழுந்துவிட்டது. அதாவது வாரத்தில் ஆறு நாளும் ஒரு பிள்ளை பள்ளியில், ஒரு பிள்ளை வீட்டில் தனியாக. எட்டு மணிக்கு ஷிப்ட் ஏறினால் ராத்திரி எட்டரைக்குத்தான் நான் இறங்குவேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, ‘ஒரு கண்ணு பார்த்துக்குங்க்கா’ என்று சொல்லிவிட்டுப் போவேன், மனசு முழுக்க வீட்டிலேயே இருக்கும். துணியில் ஓட்டையைப் பார்ப்பேனா, பிள்ளையை நினைப்பேனா?

ஒரே போன். அதை வீட்டில் பிள்ளையிடம் விட்டால் எனக்கு ஒரு அவசரம் என்றால் யாரிடமும் பேச முடியாது, எடுத்துக்கொண்டு போனால் அவளுக்கு டீச்சர் அனுப்புவது தெரியாது. கடைசியில் போனை வீட்டில் விட்டுவிட்டு, கம்பெனி சூப்பர்வைசர் நம்பரைச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன். கல்வித் தொலைக்காட்சியில் மூன்றாம் வகுப்புப் பாடம் எத்தனை மணிக்கு வருகிறது என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதினேன். சின்னவள் அதைச் சரியாகப் பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டு அதில் வருகிற டீச்சரிடமே சந்தேகம் கேட்பாளாம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ‘இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர்’ என்று டி.வி.யிடம் சொல்லிவிட்டு, அது பாட்டுக்கு அடுத்ததுக்குப் போனதும் அழுதிருக்கிறாள்.

மறுநாள் அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்குப் போனேன். பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து, சின்னவள் பெயரை அடித்து இந்தப் பக்கம் எழுதினார், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை! மூன்று வாரமாக இதைக் கேட்கவே தயங்கிக்கொண்டிருந்தேன், கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் பள்ளி நாளில் இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள், வீட்டு நாளில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தார்கள். அண்ணன் இருந்தால் அவள் டி.வி.யைக் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பள்ளியில் அந்த அண்ணன் பையனைத் திட்டாமல் பாராட்டினீர்கள் பாருங்கள், நன்றி. என் மூத்தவனிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டேன்.

ஒரத்தநாடு தன்னார்வலர்:

பள்ளி பூட்டியிருந்தபோது விட்டுப்போன பாடத்தைப் பிள்ளைகள் இருக்கும் தெருவிலேயே சொல்லித்தரும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் நான் தன்னார்வலராக இருந்தேன். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் எங்கள் தஞ்சாவூரும் ஒன்று. மாதம் 1,000 ரூபாய், சாயந்திரம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள் வகுப்பு. பி.எட். முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன், பெயர் கொடுத்தேன். எங்கள் தெரு மாரியம்மன் கோயில் மண்டபம்தான் இடம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 18 பேர், இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு வருகிறவர்களையும் சேர்த்தால் இன்னும் நாலைந்து.

டீச்சர் சொன்ன இரண்டு பேட்சும் எங்கள் மண்டபத்தில்தான் ஒன்றாக உட்காரும். முதல் வாரத்தில் நான் கவனித்தது, பிள்ளைகள் பேட்ச் வாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஆனால் ‘நாங்க திங்கக்கிழம, அவங்க செவ்வாக்கிழம’ என்கிறார்கள். இது நன்றாக இல்லையே என்று ஒரு வேலை செய்தேன். இன்று பள்ளிக்குப் போனவர்கள் இன்று போகாதவர்களுக்கு டீச்சர். ஒருவருக்கு ஒருவர். பள்ளியில் என்ன நடந்தது என்று பாடம் மட்டுமில்லை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், சாப்பாட்டுக்கு என்ன என்பது வரைக்கும். மறுநாள் அப்படியே மாறும். மூன்றாவது படிக்கிற ஒருவன், பள்ளியில் வாயே திறக்க மாட்டான் என்று அவன் அம்மா சொல்வார், இங்கே கையில் குச்சி வைத்துக்கொண்டு ‘கடன் வாங்கிக் கழித்தல்’ நடத்துவான். ‘பக்கத்து வீட்டுல பத்து கேட்டோம், குடுத்துட்டாங்க, அப்ப அவங்ககிட்ட ஒண்ணு கொறஞ்சு போச்சுல்ல?’ அவன் டீச்சர் சொன்னதை அப்படியே சொல்கிறானா, இவனாகச் சேர்த்துக்கொள்கிறானா என்று தெரியாது, எனக்கே அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

மார்கழியில் கோயிலில் சீக்கிரமே ஒலிபெருக்கி போட்டுவிடுவார்கள், கரண்ட் போகும், கொசு பிடுங்கும். ஒரு பாட்டி தினமும் வேப்பிலைப் புகை போட்டுவிட்டுப் போவார். அவர் பேரன் என் வகுப்பில் கிடையாது, அவன் சென்னையில் இருக்கிறான். சும்மா வந்து உட்கார்ந்து பாட்டைக் கேட்பார்.

திண்டிவனம் பக்கத்து டீச்சர்:

இரண்டு பேருக்கும் நன்றி. திருப்பூர் அக்கா எழுதியதைப் படித்ததும் என் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பேட்ச் பிரிக்கும்போது யார் யாருக்கு அண்ணன் தங்கை என்று நான் கேட்கவே இல்லை, பெயர் வரிசைப்படி பிரித்துவிட்டேன். இன்னொரு முறை அப்படி ஒன்று வந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.

ஜனவரியில் ஒமைக்ரான் என்று மறுபடி பூட்டிவிட்டார்கள். 2022 பிப்ரவரி 1 அன்று திறந்தபோது பேட்ச் கிடையாது, 34 பேரும் ஒன்றாக வரலாம். அன்று காலை வகுப்பில் ஒரே சண்டை. ‘இது என் வட்டம்’, ‘இல்ல, இது என் வட்டம்’ என்று எல்லா எண்ணிலும் இரண்டு இரண்டு பேர் நின்றுகொண்டு தள்ளிக்கொள்கிறார்கள். ஆயாவிடம் சொல்லிப் பழைய பாயை எடுத்துவந்து வட்டத்தின் மேலேயே விரித்துவிட்டேன். ஒரு மாதிரி எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

ஜன்னல் பக்கம் மட்டும் இரண்டு பேர் உட்காரவில்லை. திங்கள் பேட்ச் பெண் சுவர்ப் பொந்துக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து வருகிற செவ்வாய் பேட்ச் பையன் ஒருவன் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையில் ஒரு மாதமாக அங்கேயே கிடந்த நான்கு புளியங்கொட்டைகள். திரும்பி அவனைப் பார்த்துக் கேட்டாள், ‘இத ஏன் நீ எடுக்கல?’

‘லீவு வுட்டுட்டாங்க இல்ல’ என்றான் அவன்.