14 கிலோ குறைந்தது, 11 கிலோ திரும்பியது

42ஆவது வயதில், எட்டு மாதங்களில் 14 கிலோ எடை குறைத்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதில் 11 கிலோ திரும்பிவிட்டது. இளைத்தபோது பாராட்டியவர்களே, பருத்தபோது "கட்டுப்பாட்டை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார்கள். விடவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு நோட்டு சாட்சியாக இருந்தது. அன்றாடம் காலையில் பார்த்த எடை, உண்ட உணவு, உண்ட நேரம் எல்லாவற்றையும் அதில் எழுதி வந்தேன். எடை ஏறத் தொடங்கிய மாதத்தின் பக்கங்களில், பேனாவை அழுத்தி எழுதியதால் தாள் கிழிந்த இடங்களும் உண்டு.

அந்த நோட்டை ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் திறக்காமலேயே, "வாயைக் கட்டுங்கள், நடையைக் கூட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று எனக்கு ஏற்பட்ட அவமானத்தால், அதற்குப் பின் ஓராண்டு யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. எடை மிகுதியாக ஏறியது அந்த ஓராண்டில்தான்.

பிறகு சந்தித்த உணவியல் நிபுணர் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்கிருந்து இரவு உணவு ஏன் இரண்டு மணிக்குப் போய்விட்டது?" என்று கேட்டார். எனக்கு இரவுப் பணி தொடங்கிய வாரம் அது; மூட்டு அழற்சிக்காக ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியதும் ஏறத்தாழ அப்போதுதான். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையக்கூடும் என்றும், ஸ்டீராய்டும் தன் பங்குக்குப் பசியைக் கிளப்பும் என்றும், எடை குறைந்த உடல் முன்பைவிடக் குறைந்த ஆற்றலையே செலவிடும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். 2011இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வையும் குறிப்பிட்டார்: பத்து வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவால் எடை குறைத்தவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பின்னும் பசி தொடர்பான ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூட்டு மருத்துவரின் மேற்பார்வையில் ஸ்டீராய்டு அளவைப் படிப்படியாகக் குறைத்தோம் (அதைத் தாமாக நிறுத்துவது ஆபத்து). இரவுப் பணியை மாதத்தில் இரண்டு வாரமாக மாற்றிக்கொண்டேன். ஓராண்டில் 4 கிலோ குறைந்திருக்கிறது. இரவுப் பணி வாரங்களில் இன்னமும் சற்று ஏறத்தான் செய்கிறது. நோட்டில் இப்போது எடைக்குப் பக்கத்தில், தூங்கிய மணி நேரத்தையும் எழுதி வருகிறேன்.