படகில் வைக்கும் ஜிபிஎஸ் அலாரத்துக்கு இன்புட் 5 வோல்ட்டா, 12-ஆ, 24-ஆ?

கொண்டல் (மண்டபம்):
கடல் எல்லைக் கோட்டை நெருங்கினா சத்தம் போடுற சின்ன அலாரம் செய்றேன். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர்), ஜிபிஎஸ் மாட்யூல், ஓஎல்இடி டிஸ்ப்ளே, பஸ்ஸர். 5 வோல்ட்டுல சராசரி 200 மில்லிஆம்பியர் எடுக்குது, வைஃபை ஓடும்போது 500 வரை ஏறுது. நாட்டுப்படகுல விளக்குக்குன்னு ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரி. இங்க உள்ள விசைப்படகுல ரெண்டைத் தொடரா போட்டு 24. ஒரே பெட்டி ரெண்டுலயும் மாட்டணும். பேட்டரியில இருந்து கேபினுக்கு வயர் 6 மீட்டர். பவர் பேங்க் போதும்ங்கிறாங்க சிலர், 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) போடுங்கிறாங்க சிலர். இன்புட்டை எத்தனை வோல்ட்டுக்குத் தீர்மானிக்கலாம்?

வாடை:
தம்பி, 8 முதல் 30 வோல்ட் வரை எது வந்தாலும் ஓடுற மாதிரி செய்ங்க. "12 வோல்ட்"ங்கிறது பேட்டரி மேல ஒட்டியிருக்கிற பேரு மட்டும்தான். முழுசா சார்ஜ் ஆகி சும்மா நின்னா 12.7, ஆல்டர்னேட்டர் ஏத்தும்போது 14.4, செல்ஃப் அடிக்கிற நொடியில 8 வரைக்கும்கூட இறங்கும். 24 படகுல சார்ஜ் நேரத்துல 28.8.

பவர் பேங்க் வேண்டாம். லோடு குறைஞ்சா தானாவே ஆஃப் ஆகிற பவர் பேங்க் நிறைய உண்டு. உப்புக்காத்துல யூஎஸ்பி சாக்கெட்டும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். பேட்டரி பக்கத்துலயே 5 வோல்ட்டா மாத்தி கேபினுக்கு அனுப்புறதும் சரிவராது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 6 மீட்டர்னா போக வர 12 மீட்டர், சுமார் 0.42 ஓம். 500 மில்லிஆம்பியர் இழுக்கும்போது 0.2 வோல்ட் வயர்லயே போயிடும். போர்டுல இருக்கிற ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் 3.3 வோல்ட் கொடுக்க உள்ளே 4.5-ஆவது வரணும். ரெண்டு ஜாயின்ட் கறுத்துப்போனா அதுவும் வராது, போர்டு ரீசெட் ஆகிட்டே இருக்கும். பேட்டரி வோல்ட்டேஜை அப்படியே கேபினுக்குக் கொண்டுபோய் பெட்டிக்குள்ள 5 ஆக்குங்க. அப்போ 12 வோல்ட்டுல வயர்ல ஓடுறது சராசரி 0.1 ஆம்பியர்தான்.

7805 இங்க சூட்டுலயே போயிடும். 14.4-ல இருந்து 5 ஆக்கினா 9.4 × 0.2, கிட்டத்தட்ட 1.9 வாட் வெப்பம். ஹீட்சிங்க் இல்லாத டிஓ-220 உறைக்கு (7805 வர்ற உறை) வாட்டுக்கு 65 டிகிரி ஏறும், அதாவது 120 டிகிரிக்கு மேல. அது மேல நம்ம ஊர் வெயிலையும் கூட்டிக்குங்க. 28.8-ல 4.8 வாட். அதிகம் சூடாகாம வோல்ட்டேஜைக் குறைக்கிற பக் கன்வெர்ட்டர்தான் வழி.

கச்சான்:
24 படகுல ஒரு பேட்டரியில மட்டும் 12 எடுத்துட்டா என்னண்ணே? 0.1 ஆம்பியர்தானே இழுக்குது.

சோழகம்:
வேண்டவே வேண்டாம். ரெண்டு பேட்டரியிலயும் ஒரே சார்ஜிங் கரண்ட்தான் ஓடும். ஒன்னுல மட்டும் தினமும் 2.4 ஆம்பியர்-மணி கூடுதலா எடுத்தா அது நிறையாமலே கிடந்து சல்பேட் பிடிக்கும், மத்தது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகித் தண்ணி வத்தும். கடைசியில ரெண்டையும் மாத்தணும். மேல் பேட்டரியில எடுத்தா இன்னும் ஆபத்து. பெட்டியோட மைனஸ் படகோட மைனஸை விட 12 வோல்ட் மேல நிக்கும். ஆன்டெனா உறையோ பெட்டியோட உலோகமோ எஞ்சின்ல பட்டா ஷார்ட்.

கன்வெர்ட்டர் விஷயத்துல ஒன்னு சேர்த்துக்குறேன். கடையில கிடைக்கிற எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் மாட்யூலோட உச்ச வரம்பு 40 வோல்ட். 28.8-க்குத் தாராளம்னு தோணும். ஆனா உப்பு அரிச்ச டெர்மினல் எஞ்சின் ஓடும்போது கழண்டா ஆல்டர்னேட்டர் கரண்ட்டை வாங்க பேட்டரி இருக்காது, வோல்ட்டேஜ் குபீர்னு ஏறும். வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 16750-2 சோதனையில இதுக்கு 24 வோல்ட் அமைப்புல 151 முதல் 202 வோல்ட் வரை வைக்கிறாங்க. மாட்யூல்ல பல நேரம் இன்புட் கெப்பாசிட்டரே 35 வோல்ட்தான் இருக்கும், பார்த்து வாங்குங்க.

பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 15 சென்டிமீட்டருக்குள்ள 1 ஆம்பியர் ஃபியூஸ். பெட்டிக்குள்ள முதல்ல 60 வோல்ட் ஷாட்கி டையோடு எஸ்எஸ்36 தொடரா, வயரைத் தலைகீழா மாட்டிட்டாலும் பெட்டி பிழைக்கும். அடுத்து மைனஸுக்குக் குறுக்கே 5கேபி30ஏ டிவிஎஸ் (வோல்ட்டேஜ் எகிறினா பிடிச்சு நிறுத்துற டையோடு). அது 30 வோல்ட் வரை சும்மா இருக்கும், பெரிய வோல்ட்டேஜ் அடி விழுந்தா 48-ல பிடிக்கும். அந்த 48-ஐ எல்எம்2596 தாங்காது. அதனால 60 வோல்ட் தாங்குற எல்எம்2576எச்வி 5 வோல்ட் ஐசி, 100 மைக்ரோஹென்றி காயில், இன்புட்ல 100 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் கெப்பாசிட்டர், அவுட்புட்ல 1000 மைக்ரோஃபாரட். 600 வாட் எஸ்எம்பிஜே டிவிஎஸ் விலை குறைவுன்னு போட்டுடாதீங்க, இந்த அடிக்கு அது நிக்காது. அடி நீடிச்சா ஃபியூஸ் போகும். போகட்டும், அதுக்குத்தான் வச்சிருக்கோம்.

காயிலை ஜிபிஎஸ் ஆன்டெனாவை விட்டுத் தள்ளி வைங்க. அலாரம் போட்டதும் படகு விஎச்எஃப் ரேடியோவோட 16-ஆம் சேனல்ல (அவசர அழைப்புக்கானது) இரைச்சல் வந்தா இன்புட் வயர்ல ஃபெரைட் வளையம் மாட்டுங்க.

கொண்டல்:
தெளிவாயிடுச்சு அண்ணே. தனியா சுவிட்ச் வேணுமா, பேட்டரியிலயே நிரந்தரமா கிடக்கலாமா?

வாடை:
சுவிட்ச் கட்டாயம். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள். 24 வோல்ட்டுல சுமார் 0.05 ஆம்பியர் விடாம இழுத்தாலே 73 ஆம்பியர்-மணி, 100 ஆம்பியர்-மணி பேட்டரியில பெரும்பகுதி காலியாயிடும். ஈஎஸ்பி32-ஐத் தூங்க வச்சாலும் கன்வெர்ட்டர் தனக்குன்னு 5 மில்லிஆம்பியர் எடுத்துட்டே இருக்கும், அதுவே 7 ஆம்பியர்-மணிக்கு மேல. ஃபியூஸுக்கு அடுத்தே ரப்பர் மூடி போட்ட டாகிள் சுவிட்ச் வைங்க. வயர் டின் பூசினதா வாங்குங்க, வெறும் செம்பு உறைக்குள்ளயே கறுத்துடும்.

சோழகம்:
போர்டு முழுக்க கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கிற மெல்லிய பூச்சு) ரெண்டு தடவை அடிங்க. அடிக்கும்போது கனெக்டர் பின்னுக்கும் பஸ்ஸர் ஓட்டைக்கும் டேப் ஒட்டிக்கிடணும்.